வரிக் கான்கிரீட்டும் யானைக் கூடமும்

அன்புள்ள ஐயா,

லண்டன் விலங்குத் தோட்டத்தில் யானை, காண்டாமிருகக் கூடத்தைப் பார்த்தேன். வெளிச்சுவர் முழுக்க மேலிருந்து கீழாக முரட்டு வரிகள். யானைத் தோல் மாதிரி இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்களாம். வெறும் தோற்றத்துக்கா இவ்வளவு வேலை? நம் சிங்கப்பூர் மழையில் இப்படி ஒரு சுவர் தாங்குமா?

— ஈசூன் வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

ஹியூ காசனும் நெவில் காண்டரும் வடிவமைத்து 1965இல் முடிந்த கட்டடம் அது. யானைகள் 2001இல் விப்ஸ்னேடு விலங்குத் தோட்டத்துக்குப் போய்விட்டன.

தோல் கதை இருக்கட்டும். வரிக்கு வேறு பயனும் உண்டு. வழவழப்பான கான்கிரீட் சுவரில் மழைநீர் கண்டபடி வழிந்து கோலம் போடும். வரி இருந்தால் நீர் பள்ளத்தோடு நேரே இறங்கும். அழுக்கும் பள்ளத்தில்தான் படியும், அங்கே ஏற்கெனவே நிழல் என்பதால் உறுத்தாது. இரண்டு வார்ப்புகளுக்கு இடையிலான நிற வேறுபாடும் மறைந்துவிடும்.

செய்முறை கேட்க எளிது. கான்கிரீட்டை ஊற்றும் அச்சான ஷட்டரிங் பலகையின் உட்புறம் சரிவாகச் சீவிய மரச்சட்டங்களை அடித்து வார்ப்பார்கள். சட்டத்துக்குச் சரிவு இல்லையென்றால், ஈரத்தில் ஊதிய மரம் கழற்றும்போது வரியின் விளிம்பையும் பெயர்த்துக்கொண்டு வரும். பிறகு மூன்று, நான்கு வாரம் இறுகவிட்டு வரியின் முனையைச் சுத்தியலால் கொத்துவார்கள். ஜல்லி பிளந்து முகம் காட்டவேண்டும். அவசரப்பட்டுக் கொத்தினால் ஜல்லி பிளக்காது, முழுசாகக் கழன்று குழிதான் மிஞ்சும். 1963இல் யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலைஞர் பால் ருடால்ஃபும் இப்படித்தான் கொத்தவைத்தார். நம் பீச் ரோட்டு கான்கோர்ஸ் கட்டடத்தை வடிவமைத்ததும் அவர்தான்.

இங்கே தாங்குமா? தாங்கும், கவரை, அதாவது உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனத்தை, பள்ளத்திலிருந்து அளந்தால். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. வரைபடத்தில் கவர் 50 மி.மீ. என்றிருக்கும், அதை வரியின் முகத்திலிருந்து அளந்துவிடுவார்கள். பள்ளம் 25 மி.மீ. ஆழமென்றால் கம்பிக்கு மேல் மிஞ்சுவது 25தான். கொத்தும் வரியைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது. கவர் குறைந்த இடத்தில் காற்றிலுள்ள கரியமில வாயு சீக்கிரம் கம்பியை எட்டும், கான்கிரீட்டின் காரத்தன்மை போகும், கம்பி துருவேறி ஊதும். பள்ளத்தோடு நேர்க்கோட்டில் விரிசல் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஓரத்தைச் சிறிது உடைத்து, புதிதாகத் திறந்த முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் என்ற சோதனைத் திரவத்தைத் தெளித்தால் தெரிந்துவிடும்: இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் போய்விட்டது.

லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழை, இங்கே 2,100க்கும் மேல். வெயில் படாத பக்கத்துப் பள்ளங்களில் பாசி கறுத்துப்போகும். சுவரின் தலையை உட்புறமாகச் சாய்த்து, மேல்மூடியை வெளியே நீட்டி, அதன் அடியில் நீர் சொட்டிவிழ ஒரு காடி வெட்டினால் பாதித் தொல்லை குறையும். கழுவுவதென்றால் பாசிக்கொல்லியும் மென்மையான தூரிகையும் போதும். ஆசிட் வேண்டாம், அது சிமென்ட்டையே தின்னும். பெயின்ட் அடிக்கும் யோசனையை மட்டும் யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். பள்ளத்துக்குள் போன பெயின்ட்டை ஜல்லிமுகம் கெடாமல் எடுப்பது நடக்கிற காரியமில்லை.