பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி: வாசகர் கேள்விகள்

கே: இரண்டாம் உலகப் போர்க்காலப் பெட்டி என்று சொல்லி விற்கிறார்கள். எதைப் பார்த்து நம்புவது?

பக்கத் தகட்டை விரலால் தடவிப் பாருங்கள். அமெரிக்கர்களின் அக்கால எம்1 பெட்டியில் 'கேல் .30 எம்1', 'அம்யூனிஷன் பாக்ஸ்' என்ற ஆங்கில எழுத்துகள் தகட்டிலேயே புடைத்து நிற்கும். கூடவே உருண்டைக் குண்டின் மேல் தீ எழும் சின்னம் இருக்கும். அது அமெரிக்கப் படைக்கலத் துறையின் முத்திரை. பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கியின் 250 தோட்டாத் துணிப்பட்டி ஒன்றுக்காகச் செய்த பெட்டி இது. போருக்குப் பின் வந்த எம்19ஏ1 என்ற பெட்டியைத்தான் பலர் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

மஞ்சள் ஸ்டென்சிலை (அச்சுத்தகடு வைத்துப் பெயின்ட்டால் அடித்த எழுத்தை) மட்டும் வைத்து வயதை முடிவு செய்யாதீர்கள். கடைசியாக எந்தத் தோட்டா நிரப்பப்பட்டது என்பதைத்தான் அது சொல்லும். பழைய பெட்டியில் '7.62 எம்.எம்.' என்று இருந்தால், 1954-ல் நேட்டோ அந்தத் தோட்டாவை ஏற்ற பிறகு மறுபடி நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள்.

கே: ஸ்டென்சில் புதிதாக அடித்ததா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

ஒரு பூதக்கண்ணாடி போதும். எழுத்தின் குறுக்கே போகும் கீறல் ஒன்றைத் தேடுங்கள். அசலில் அந்தக் கீறல் மஞ்சளையும் அடியிலுள்ள பச்சையையும் சேர்த்தே கிழித்திருக்கும். போலியில் மஞ்சள் கீறலுக்குள் இறங்கி அதை நிரப்பியிருக்கும். துருக் குழிக்குள் மஞ்சள் தெரிந்தாலும் அப்படித்தான்: துரு பிடித்த பிறகு அடித்த எழுத்து அது.

கே: துரு இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப் பெயின்ட் அடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அசல் பெயின்ட்டும் ஸ்டென்சிலும் போனால் மிஞ்சுவது வெறும் தகரப் பெட்டிதான். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உலரத் தேய்த்துத் தூசி கிளப்புவது உடம்புக்கும் ஆகாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பல்துலக்கி, இவை போதும். தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் ஸ்டென்சில் பக்கம் போகக் கூடாது. பெயின்ட் உதிர்ந்து துரு மட்டும் தெரியும் இடத்தில் வினிகர் நனைத்த பஞ்சை அரை மணி நேரம் வையுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, ஹேர் டிரையரால் உடனே காய வையுங்கள். அமிலம் தங்கினால் மறுநாளே செந்துரு திரும்பி வரும். முழுக்கக் காய்ந்ததும் மெல்லிய மெழுகுப் பூச்சு. மூடியைத் திறந்து பக்கவாட்டில் தள்ளினால் பல மாதிரிகளில் கழன்று வரும். கீலுக்கு அடியில்தான் துரு ஒளிந்திருக்கும்.

கே: மூடி இறுக்கமாக இல்லை. கேஸ்கெட்டை (மூடிக்குள் இருக்கும் ரப்பர் பட்டையை) மாற்றலாமா?

முதலில் ஒரு தாள் துண்டை விளிம்பில் வைத்து, மூடி பூட்டி, இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் இப்படிச் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாள் எளிதில் வந்தால் பெரும்பாலும் மூடியோ கொக்கியோ வளைந்திருக்கும். எல்லாப் பக்கமும் வந்தால் ரப்பர் தட்டையாகிவிட்டது. ரப்பர் நன்றாக இருந்தால் சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். வாசலின் வேண்டாம், ரப்பரை உப்ப வைத்துவிடும். மாற்றினால் பழைய கேஸ்கெட்டைப் பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

கே: லித்தியம் பேட்டரிகளை இதில் வைக்கலாமா?

கேஸ்கெட்டோடு கூடாது. பேட்டரி கோளாறாகி வாயு வெளியேறினால் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பெட்டியே வெடிக்கும்.

கே: வாங்கிய பெட்டிக்குள் ஒரு தோட்டா கிடக்கிறது.

தட்டாதீர்கள், தேய்க்காதீர்கள். இடத்தை விட்டு அசைக்காமல் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். இந்தியாவில் உரிமமில்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.