போனில் முத்தம் கொடுப்பவன் நேரில் ஏன் ஓடுகிறான்?

கேள்வி: குவைத்தில் வேலை பார்க்கிறேன். மகனுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது கிளம்பிப் போனவன், இப்போதுதான் இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். அவனுக்கு இரண்டேகால் வயது. தினமும் வீடியோ காலில் ‘அப்பா, அப்பா’ என்று போனுக்கே முத்தம் கொடுப்பான். நேரில் தூக்கினால் அலறுகிறான். ராத்திரி கட்டிலில் படுத்தால் ‘நீ போ’ என்று தள்ளுகிறான். வந்து 12 நாள் ஆகிறது. சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசனை.

பதில்: உங்களை அவனுக்குத் தெரியும். ஆனால் அவனுக்குத் தெரிந்த அப்பா உள்ளங்கை அகலம்தான் இருப்பார். சிவப்பு பட்டனை அழுத்தினால் போய்விடுவார். அந்த அப்பா திடீரென்று ஆறடி உயரத்தில், தாடியும் சென்ட் வாசனையுமாக வந்து அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டால் அவன் வேறென்ன செய்வான்?

அமெரிக்காவில் ஜார்ஜீன் ட்ரோசெத், ஜூடி டிலோச் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. பக்கத்து அறையில் ஒருவர் பொம்மையை ஒளித்துவைப்பதைக் குழந்தைக்குக் காட்டிவிட்டு, போய் எடுத்துவரச் சொன்னார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த இரண்டு வயதுக் குழந்தைகள் நேராகப் போய் எடுத்தன. அதையே திரையில் பார்த்த இரண்டு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் திணறின. இரண்டரை வயதினர் சமாளித்துவிட்டார்கள். திரையில் இருப்பதும் நிஜத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்பது நமக்குச் சாதாரணம். அந்த வயதில் அது பெரிய தாவல். உங்கள் மகன் இப்போது அந்தத் தாவலின் நடுவில் நிற்கிறான்.

அதற்காகப் பேசிய கால் எல்லாம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 24 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் 2014இல் நடந்த இன்னொரு ஆய்வில், முன்கூட்டியே பதிவு செய்த வீடியோவிலிருந்து அவர்கள் புதுச் சொல்லைக் கற்கவில்லை. பதிலுக்குப் பதில் பேசும் வீடியோ காலிலிருந்து, நேரில் போலவே கற்றுக்கொண்டார்கள். உங்கள் குரலும் முகமும் அவனுக்குள் இருக்கின்றன. இனி அவற்றோடு ஓர் உடம்பு சேர வேண்டும், அவ்வளவுதான்.

அது தூக்கிக் கொஞ்சுவதால் சேராது. இன்றிலிருந்து நீங்களாக அவனைத் தூக்குவதை நிறுத்துங்கள். அவன் விளையாடும் இடத்தில் தரையில் உட்காருங்கள். கூப்பிடாதீர்கள், முகத்தையே பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். அவன் டப்பாவை அடுக்கினால் நீங்களும் நாலு டப்பாவை அடுக்குங்கள். பெட்டியில் இன்னும் பொம்மை மிச்சமிருந்தால் வெளியே எடுக்க வேண்டாம். அது வேலை செய்திருந்தால் முதல் வாரமே செய்திருக்கும். ராத்திரி அம்மாவின் பக்கத்தை அவனிடமிருந்து பிடுங்காதீர்கள். கொஞ்ச நாள் கீழே பாய் போட்டுப் படுங்கள். முதுகுவலி வரும், வேறு வழியில்லை.

நாலைந்து நாளில் அவனே பக்கத்தில் வருவான். அப்போது ஒரே ஒரு வேலையை மட்டும் உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் ராத்திரிச் சோறு. முதல் இரண்டு நாள் மனைவியும் கூட இருக்கட்டும், அப்புறம் மெதுவாக அடுக்களைக்குள் போய்விடட்டும். நீங்கள் பாதியைச் சிந்துவீர்கள். ‘இப்படியா ஊட்டுவாங்க’ என்று உங்கள் அம்மா தட்டை வாங்க வருவார். விடாதீர்கள். தாய் ஊக்கப்படுத்தும் வீட்டில் தகப்பன் அதிகம் இறங்கிச் செய்கிறார் என்பதை இந்தத் துறையில் பலமுறை பார்த்திருக்கிறோம். நம் வீடுகளில் மாமியாரையும் சேர்த்துத்தான் கணக்குப் பண்ண வேண்டும்.

சோற்றை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. இங்கே இரவு எட்டரை என்றால் குவைத்தில் மாலை ஆறு. நீங்கள் திரும்பிப் போன பிறகும் அதே நேரத்தில் கூப்பிடலாம். போனைத் தட்டுக்கு எதிரே சாய்த்துவைக்கச் சொல்லுங்கள், நீங்களும் அங்கே எதையாவது சாப்பிடுங்கள். ‘அப்பாவுக்கு ஹாய் சொல்லு, பாட்டுப் பாடு’ என்று அவனைப் பரீட்சை எழுத வைக்கும் கால் வேண்டாம்.

வேலையை விடுவது பற்றி. இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகிய நாடுகளில் வெளிநாடு போன பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. தந்தை வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளின் மனநலம் முதல் இரண்டு நாடுகளில் கொஞ்சம் பின்தங்கியிருந்தது. மற்ற இரண்டில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆக, தந்தை தூரத்தில் இருப்பது மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. கடனையும் சம்பளத்தையும் பார்த்து முடிவெடுங்கள். 12 நாள் அழுகையைப் பார்த்து வேண்டாம்.

தந்தைமை ஆய்வில் முன்னோடியான மைக்கேல் லாம்பும் அவருடைய சகாக்களும் தகப்பனின் பங்கை மூன்றாகப் பிரித்தார்கள்: நேரடியாகச் சேர்ந்து செய்வது, கூப்பிட்டால் கிடைக்கும்படி இருப்பது, பொறுப்பைத் தலையில் சுமப்பது. முதல் இரண்டும் உங்களுக்குக் குறைந்துபோகும். மூன்றாவதைக் குவைத்திலிருந்தும் செய்யலாம். அவன் செருப்பு அளவு என்ன, எந்த மருந்தைக் கொடுத்தால் வாந்தி எடுக்கிறான், எப்போது பால்வாடியில் சேர்ப்பது என்பதெல்லாம் உங்கள் மண்டையிலும் இருக்கட்டும். பணம் அனுப்புவதை நான் இதில் சேர்க்கவில்லை, அதை ஏற்கெனவே செய்கிறீர்கள்.

கிளம்பும் நாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவன் தூங்கும்போது நழுவிப் போகாதீர்கள். விமானம் நள்ளிரவில் என்றால் சோறு ஊட்டும்போதே சொல்லுங்கள்: “அப்பா பிளேன்ல போறேன். நாளைக்குப் போன்ல சாப்பிடலாம்.” அழுவான். தட்டை எடுத்து வைத்துவிட்டு, அவன் ஓய்கிறவரை கூட உட்கார்ந்திருங்கள். ஏர்போர்ட் வண்டி கால் மணி நேரம் நிற்கட்டும்.