நியூ ஜெர்சியில் வீடு, நியூயார்க்கில் வேலை: பங்கு லாபத்துக்கு எந்த மாநிலத்தில் வரி?

கேள்வி: "குடியிருப்பது நியூ ஜெர்சி, வேலை மன்ஹாட்டன். சம்பளம் 1,50,000 டாலர். அதோடு வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம் என்று 30,000 டாலர் வந்திருக்கிறது. புரோக்கர் கம்பெனி நியூயார்க்கில் இருக்கிறது. இந்த 30,000 டாலருக்கு நியூயார்க்கிலும் வரி கட்ட வேண்டுமா?"

வேண்டாம். அந்தப் பணம் முழுக்க நியூ ஜெர்சியின் கணக்கில் சேரும். பங்கு, பாண்டு, வங்கி வட்டி போன்றவற்றின் வருமானம் அதன் சொந்தக்காரர் எங்கே குடியிருக்கிறாரோ அந்த மாநிலத்தைச் சேர்ந்தது. புரோக்கர் கம்பெனியின் தலைமையகமோ, பங்குச் சந்தை இருக்கும் ஊரோ, ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து நீங்கள் விற்பனை பட்டனை அழுத்தியதோ இதை மாற்றாது. நியூயார்க்கில் நீங்கள் நடத்தும் தொழிலோடு அந்த முதலீடு பிணைந்திருந்தால் மட்டுமே கதை வேறு.

ஆனாலும் நியூயார்க் ரிட்டர்னில் அந்த 30,000 தலைகாட்டும். பலர் குழம்புவது இங்கேதான். வெளிமாநிலத்தவருக்கான ஐடி-203 படிவத்தில் இரண்டு பத்திகள் உண்டு: ஒன்று ஃபெடரல் (மத்திய அரசு ரிட்டர்னில் காட்டிய) தொகை, மற்றொன்று நியூயார்க் தொகை. முதல் பத்தியில் 1,80,000 வரும். இரண்டாவதில் 1,50,000 மட்டும் வர வேண்டும். நீங்கள் நியூயார்க்வாசியாக இருந்தால் மொத்த வருமானத்துக்கு எவ்வளவு வரி என்று முதலில் கணக்கிட்டு, அதை 150/180, அதாவது 83.33 சதவீதத்தால் பெருக்குவார்கள். முழு வரி 10,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கட்டுவது 8,333. முதலீட்டு வருமானத்துக்கு வரி இல்லை, ஆனால் அது உங்கள் சம்பளத்தை மேல் அடுக்கு விகிதத்துக்குத் தள்ளுகிறது. கலிபோர்னியாவின் 540என்ஆர் படிவமும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது.

எந்த சாஃப்ட்வேர் பயன்படுத்தினாலும், முதலில் ஐடி-203-ஐ முடியுங்கள், பிறகுதான் நியூ ஜெர்சி ரிட்டர்னான என்ஜே-1040. நியூயார்க்குக்குக் கட்டிய வரியை நியூ ஜெர்சி வரியில் கழித்துக்கொள்ளும் சலுகைதான் கிரெடிட்; அதற்கு நியூயார்க் வரித்தொகை தேவைப்படும். கிரெடிட்டைக் கணக்கிடுவது என்ஜே-சிஓஜே அட்டவணை. மொத்த 1,80,000-க்கு நியூ ஜெர்சி வரி சுமார் 9,300 என்று வைத்துக்கொள்வோம். இரு மாநிலங்களும் வரி விதித்த வருமானம் 1,50,000 மட்டும் என்பதால் கிரெடிட்டின் உச்சவரம்பு 9,300-ல் 150/180 பங்கு: 7,750. நியூயார்க்குக்கு 8,333 கட்டியிருந்தாலும் இதற்கு மேல் கிடைக்காது. ஆக நியூ ஜெர்சிக்கு 1,550 டாலர் போகும். அதுதான் உங்கள் 30,000-க்கான உண்மையான மாநில வரி.

பணம் வீணாவது எங்கே என்று பார்த்தால், புரோக்கரும் வங்கியும் அனுப்பும் 1099 வருமானப் படிவத்தை சாஃப்ட்வேருக்குள் இறக்குமதி செய்யும் இடத்தில். "இந்த வருமானத்தில் நியூயார்க்குக்கு உரியது எவ்வளவு?" என்று அது கேட்கும்போது பூஜ்யம் போடாமல் கடந்துவிட்டால், நியூயார்க் பத்தியிலும் 1,80,000 ஏறிவிடலாம். அப்போது நியூயார்க் 10,000 முழுதாக வாங்கிக்கொள்ளும். முதலீட்டு வருமானத்தில் நியூயார்க்குக்கு உரிமை இல்லை என்பதால், அதற்குக் கட்டிய வரிக்கு நியூ ஜெர்சி கிரெடிட் தராது. அனுப்புவதற்கு முன் ஐடி-203-ன் இரண்டு பத்திகளையும் கண்ணால் ஒப்பிடுங்கள். வட்டி, டிவிடெண்ட், மூலதன ஆதாய வரிசைகளில் நியூயார்க் பத்தி காலியாக இருக்க வேண்டும். ஏற்கெனவே தவறாக அனுப்பியிருந்தால் ஐடி-203-எக்ஸ் போட்டுத் திருத்தலாம். பொதுவாக ரிட்டர்ன் போட்டதிலிருந்து மூன்று வருடத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

முதலீடு போலத் தெரிந்தாலும் விதிக்குள் அடங்காதவை சில உண்டு. கம்பெனி ஊழியருக்கு ஒதுக்கிப் பின்னர் தரும் பங்கான ஆர்எஸ்யூ, கைக்கு வரும் நாளில் சம்பளம். ஒதுக்கிய தேதிக்கும் கைக்கு வந்த தேதிக்கும் இடையே நியூயார்க்கில் வேலை செய்த நாட்களின் விகிதத்தில் நியூயார்க் வரி கேட்கும், நீங்கள் டெக்சாஸுக்கே குடிபோயிருந்தாலும். கைக்கு வந்த பிறகு பங்கு ஏறிய லாபம் மட்டுமே முதலீட்டு லாபம். வீடு, நிலம், வாடகை எல்லாம் சொத்து இருக்கும் மாநிலத்துக்கு. நியூயார்க்கின் கோ-ஆப் (கூட்டுறவு) அபார்ட்மென்டில் நீங்கள் வாங்குவது பெயரளவில் கட்டட நிறுவனத்தின் பங்குதான் என்றாலும், விற்றால் அசையாச் சொத்தாகவே கணக்கு. கூட்டாண்மையிலிருந்து உங்கள் பங்கு வருமானத்தைக் காட்டும் கே-1 படிவம் வந்தால் அதில் மாநிலவாரியான பிரிவைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது, வார நாட்களில் தங்க மன்ஹாட்டனில் ஒரு சின்ன ஸ்டூடியோ எடுத்து வைத்துக்கொள்வது. வருடத்தில் 183 நாளுக்கு மேல் நியூயார்க்கில் இருந்து, அங்கே நிரந்தரமாகத் தங்கும் இடத்தையும் 10 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், நீங்கள் நியூயார்க்வாசி என்றே சட்டம் கொள்ளும் (2022-க்கு முன் இது 11 மாதம்). ஒரு மணி நேரம் வந்துபோனாலும் அது ஒரு நாள்தான். தினமும் ரயிலில் வேலைக்கு வருகிறவர் 183-ஐ எளிதாகத் தாண்டிவிடுவார். அதன் பிறகு உங்கள் டிவிடெண்டுக்கும் பங்கு லாபத்துக்கும் இரண்டு மாநிலங்களும் முழு வரி கேட்கும், ஒன்றுக்கு மற்றொன்று கிரெடிட் தராது. நியூயார்க் நகர வரியும் தனியாகச் சேரும். இந்த இரட்டை வரியை எதிர்த்து கனெக்டிகட்வாசிகள் தொடுத்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2019-ல் விசாரிக்க மறுத்துவிட்டது. ஸ்டூடியோவால் மிச்சமாகும் பயண நேரத்தின் மதிப்பை விட இந்த வரி பெரிதாக இருக்கலாம்; வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நியூ ஜெர்சி பக்கம் கவனிக்க வேண்டியவை: நீண்டகால லாபத்துக்குத் தனிச் சலுகை விகிதம் இல்லை. பங்கில் நஷ்டம் வந்தால் ஃபெடரலில் 3,000 டாலர் வரை சம்பளத்தில் கழிப்பதும், மீதியை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோவதும் இங்கே கிடையாது. எனவே லாபத்தையும் நஷ்டத்தையும் ஒரே வருடத்தில் விற்பது நல்லது. அமெரிக்க அரசுக் கடன் பத்திர வட்டிக்கு எந்த மாநிலமும் வரி போட முடியாது. 1099-ல் அது தனியாக இருக்கும், கழிக்க மறக்காதீர்கள். பிற மாநில முனிசிபல் பாண்டு வட்டிக்கு வரி உண்டு.

இந்தியாவில் எஃப்டி வைத்திருப்பவர்களுக்கு: என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் கணக்கு) வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்றாலும் ஃபெடரலிலும் நியூ ஜெர்சியிலும் உண்டு. என்ஆர்ஓ (இந்திய வருமானத்துக்கான) கணக்கில் முன்கூட்டியே பிடித்த வரியான டிடிஎஸ்ஸுக்கு ஃபெடரலில் 1116 படிவம் வழியாக கிரெடிட் பெறலாம். வெளிநாட்டில் கட்டிய வரிக்கு நியூ ஜெர்சி கிரெடிட் தராது.

கடைசியாக, அந்த 1,550 டாலரை யாரும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கவில்லை. வருட முடிவில் நியூ ஜெர்சிக்கு 400 டாலருக்கு மேல் பாக்கி வரும் என்றால் முன்கூட்டியே வரி கட்டும் என்ஜே-1040-இஎஸ் படிவம் மூலம் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 என்று நான்கு தவணையாகக் கட்ட வேண்டும்; இல்லையென்றால் வட்டி போடுவார்கள். ஆண்டு நடுவில் பெரிய லாபத்துக்கு விற்றால் அடுத்து வரும் தவணையிலேயே அதற்கான தொகையைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.