சட்டை மேல் எடுத்த அளவு ஓவர்கோட்டுக்கு ஆகாது

காரைக்குடியில் தையல் கடை வைத்திருப்பவர், அதற்கு முன் ஒன்பது வருடம் குன்னூரில் கோட்டு தைத்தவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு டொராண்டோவில் வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரி முதல் வாரம் கிளம்புகிறான். ஆறடி இரண்டு அங்குலம், ஒல்லி உடம்பு. எந்த ரெடிமேடு சட்டையும் அவன் மணிக்கட்டுக்கு எட்டாது. நல்ல கம்பளித் துணியில் ஓவர்கோட் ஒன்று நம் பக்கமே தைத்துக் கொடுத்தனுப்ப ஆசை. அவனுடைய அப்பச்சி, "வெயில் ஊரில் யாருக்கு அது தைக்கத் தெரியும்" என்கிறார்கள். துணி எப்படிப் பார்ப்பது, டெய்லரிடம் என்ன சொல்வது?
– வாசகி, தேவகோட்டை

பதில்: தைத்தே கொடுங்கள் ஆச்சி. கை நீளம், உடம்பு ஒல்லி என்றால் ரெடிமேடில் கை சரியாக வரும்போது உடம்பு தொளதொளக்கும். உங்கள் பையன் மாதிரி ஆட்களுக்குத்தான் தைத்த கோட்டு.

அளவிலிருந்து தொடங்குகிறேன், பெரும்பாலும் கெட்டுப்போவது அங்கேதான். எனக்கு 22 வயதில் முதல் முறையாக மாஸ்டர் ஒரு ஓவர்கோட்டை முழுசாக என் கையில் விட்டார். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருந்த ராணுவ அதிகாரி ஒருவருக்கு. வழக்கம்போல் சட்டை மேல் டேப் வைத்து அளவெடுத்தேன். இருபது நாள் வேலை. வாங்க வந்தவர், போட்டிருந்த சூட்டின் மேலேயே அதை மாட்டினார். தொப்பி வைக்கக் கையைத் தூக்கினார், முதுகு மேளத்தோல் மாதிரி இழுத்துக்கொண்டது, கை நாலு அங்குலம் மேலே ஏறிவிட்டது. அவர் திட்டவில்லை. கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். ராத்திரி மாஸ்டர் தையலைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே நான் விட்டிருந்த துணி அரை அங்குலம்கூட இல்லை. அகலப்படுத்த வழியே இல்லை. துணிக்காசை மாஸ்டர்தான் கொடுத்தார். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

அதனால் சொல்கிறேன்: அளவு கொடுக்கப் போகும்போது பையன் குளிரில் உள்ளே என்னவெல்லாம் போடுவானோ அத்தனையும் போட்டுக்கொண்டு போகட்டும். சட்டை, ஸ்வெட்டர், ஆபீஸ் கோட்டு. நம் வெயிலில் வேர்த்துக் கொட்டும்தான், பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சட்டை மேல் 38 வருகிற நெஞ்சு, இத்தனைக்கும் மேல் 41, 42 வந்து நிற்கும். லூஸ் அதற்கு மேல்தான். தோள் உள்ளே இருக்கிற கோட்டின் தோளை மூட வேண்டும். கை, கட்டைவிரல் தொடங்கும் இடம் வரை வர வேண்டும். நீளம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் தொடைக்குக் காற்று அடிக்காது. பக்கத் தையலிலும் முதுகுத் தையலிலும் ஒரு அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். இந்த வயதுப் பையன் நாலு வருடத்தில் சதை போடுவான்.

துணி. ஆபீஸ் கோட்டுத் துணி சதுர மீட்டருக்கு 250, 300 கிராம் இருக்கும். ஓவர்கோட்டுக்கு 500-க்குக் குறையாமல் வேண்டும், 600 இருந்தால் இன்னும் நல்லது. இந்த எடையைத்தான் ஜிஎஸ்எம் என்பார்கள், கடையில் அது எவ்வளவு என்று கேளுங்கள். 58 அங்குல அகலத்தில் உங்கள் பையன் உயரத்துக்கு மூன்றரை மீட்டர் எடுங்கள். எங்கள் மாஸ்டர் பஞ்சாப் தாரிவால் துணி என்றால் தனியாகத் தடவிப் பார்ப்பார். 1880-ல் தொடங்கிய மில் அது. இப்போது ஆன்லைனில் வாங்குகிறவர்கள்தான் அதிகம், 'வுல்' என்று எழுதிப் பாதி பாலியஸ்டராக வருவதும் அதிகம். முதலில் சாம்பிள் துண்டு கேட்டு வாங்குங்கள். நீளவாக்குப் பாவில் ஒரு நூல், குறுக்குவாக்கு ஊடையில் ஒரு நூல் உருவுங்கள். கண்டாங்கி நெய்கிற சீமையில் பாவு ஊடை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டையும் தனித்தனியாக மெழுகுவத்திச் சுடரில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சுடரை விட்டு எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும், நசுக்கினாலும் உடையாது. ஒரு நூலை மட்டும் எரித்துப் பார்த்து ஏமாந்தவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

வெயில் ஊரில் தைக்கத் தெரியுமா என்றால், தைக்கலாம், பொறுமை வேண்டும். நான் மடியில் வெள்ளை வேட்டி விரித்து அதன் மேல் வைத்துத்தான் கம்பளி தைப்பேன். கை வேர்வை துணியில் இறங்கக் கூடாது. வெட்டுவதற்கு முன் ஈரத் துணி போட்டு ஆவியில் சுருங்க வைக்க வேண்டும். மார்பு வடிவம் நிற்க உள்ளே வைக்கிற கேன்வாஸ் துணியையும் தண்ணீரில் ஊறப்போட்டுக் காய வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் தைத்தால் முதல் டிரை கிளீனிங்கில் மார்பு சுருக்கம் கண்டுவிடும்.

டெய்லரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் தைத்த கோட்டு ஒன்றை வாங்கிப் பாருங்கள். கடைசிப் பட்டனுக்குக் கீழே முன்துணியையும் உள்துணியையும் இரண்டு விரல்களால் பிடித்துப் பிரியுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று நழுவினால் கேன்வாஸ் வைத்துத் தைத்தது. முன்துணியோடு அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது பசை பக்ரம், பசையால் ஒட்டிய விறைப்புத் துணி. பசை வைத்தது சீக்கிரம் முடியும், கூலியும் குறைவு, ஆனால் சில வருடத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்ப வாய்ப்பு உண்டு. கேன்வாஸுக்கு மார்பு பூராவும் கைத்தையல். கூலி கூடத்தான் கேட்பார்கள், கொடுங்கள்.

கச்சாத் தையல், அதாவது பிரிக்கிற மாதிரி தற்காலிகத் தையல், போட்டதும் டிரயல் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பாக்கெட் வெட்டுவதற்கு முன் அந்த டிரயல் நடக்க வேண்டும். பையன் பஸ் கம்பியைப் பிடிப்பது போலக் கையைத் தூக்கட்டும், உட்காரட்டும், குனிந்து செருப்பு மாட்டட்டும். கண்ணாடி முன் விறைப்பாக நின்று பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. லைனிங்கில் முதுகு நடுவே ஒரு மடிப்பு விடச் சொல்லுங்கள், அது இல்லாவிட்டால் கையை முன்னே நீட்டும்போது லைனிங் கிழியும்.

தீபாவளிக்கு முந்தின ஒரு மாதம் எந்த டெய்லரிடமும் இதைக் கொடுக்காதீர்கள். தீபாவளி முடிந்த வாரமே கொடுத்தால் மார்கழிக்குள் கைக்கு வரும். துணி மட்டும் முன்பே வாங்கி வைத்திருங்கள்.

ஒன்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும். டொராண்டோவில் சில நாள் மைனஸ் 15, 20 வரைக்கும் போகும். அந்த நாட்களுக்கு இறகு அடைத்த ஜாக்கெட் ஒன்று அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். மற்ற நாட்களில் ஆபீசுக்கு இந்தக் கோட்டு போதும். அப்புறம், பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு நூல் போட்டிருப்போம், வடிவம் கலையாமல் இருக்க. போடுவதற்கு முன் அதை வெட்டிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய வீட்டுப் பெட்டகத்தில் அய்யாவின் கறுப்புக் கம்பளிக் கோட்டு இருந்தது. அங்கங்கே குண்டூசி அளவு ஓட்டைகள். டெல்லிக்குப் படிக்கப் போகும் மகளுக்கு இதைப் பிரித்துத் தைக்க முடியுமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: அந்த ஓட்டைகள் அந்துப்பூச்சியின் புழு தின்றது. தேக்குப் பெட்டகம் கரையானுக்குத்தான் பயம் காட்டும், இதற்குக் காட்டாது. முதலில் கோட்டை பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்து வெயிலில் போட்டு, காலருக்கு அடியிலும் பாக்கெட் மடிப்பிலும் பிரஷ் போடுங்கள். தண்ணீரில் நனைக்கவே வேண்டாம்.

அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மடிப்பு விழுந்த இடத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். பரபரவென்று விட்டுக்கொடுத்தால் துணி செத்துவிட்டது, அய்யா ஞாபகமாக அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தாங்கினால் எடுத்து வாருங்கள். உள்தையலில் இருந்தே நூல் உருவி ஓட்டைகளை அடைக்கலாம், நிறம் அச்சாகப் பொருந்தும். பக்கத்தைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தோளை மட்டும் கலைக்கச் சொல்லாதீர்கள், அதில் கை வைத்தால் முழுக் கோட்டையும் பிரிக்க வேண்டிவரும். மகளுக்குத் தோள் ஒரு அங்குலம் பெரிதாக இருந்தாலும் ஓவர்கோட்டாகப் போட்டுக்கொண்டால் நன்றாகவே இருக்கும்.

கேள்வி: நான் புதுசாகக் கடை போட்டிருக்கிறேன் அண்ணே. கம்பளிக் கோட்டை இஸ்திரி போட்டால் பளபளவென்று பட்டை விழுகிறது.
– புதுவயல்

பதில்: பெட்டியைக் கம்பளி மேல் நேரடியாக வைக்கிறீர்கள் தம்பி. பழைய மல் வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து மேலே போடுங்கள். பெட்டியைத் தேய்க்காமல் வைத்து எடுங்கள். துண்டில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே நிறுத்திவிட்டு, ஆவி அடங்குகிற வரை கோட்டை மேசையிலிருந்து எடுக்காதீர்கள்.