வாசகர் கேள்வி: பகத் சிங் பேருக்கு முன்னாடி என்ன போடலாம்?

கேள்வி: நான் குரூப் 1-க்கு படிச்சிட்டு இருக்கேன் சார். வரலாற்றாசிரியர் பிபன் சந்திரா புக்ல பகத் சிங்கை 'புரட்சிகர பயங்கரவாதி'னு போட்டிருந்ததுக்கு 2016-ல பெரிய சண்டையே நடந்துச்சாமே, நம்ம ஆளுங்களே இப்படி எழுதலாமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: உங்க கோபம் புரியுது தம்பி, ஆனா அவங்க பகத் சிங்கைத் திட்டுறதுக்காக அப்படி எழுதல. பிபன் சந்திராவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து 1988-ல கொண்டுவந்த சுதந்திரப் போராட்ட வரலாறு அது. அதிகாரிங்களை குறிவெச்சு சுட்டு ஆட்சியை ஆட்டிப் பாக்குற வழிக்கு அப்போ ஹிஸ்டரிகாரங்க வழக்கமா வெச்ச பேருதான் அது, அந்த புக்கே பகத் சிங்கை ரொம்ப உசத்தியாத்தான் பேசுது. இப்போ அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் வந்துருச்சுனு பிபன் சந்திராவே பின்னாடி அதை விட்டுட்டாரு. அவர் 2014-ல காலமாயிட்டாரு, 2016-ல விஷயம் பார்லிமென்ட் வரைக்கும் போயி, டெல்லி யூனிவர்சிட்டி இந்தி மொழிபெயர்ப்போட விற்பனையையே நிறுத்திருச்சு. ஒரு வார்த்தையைத் திருத்தினா முடியுற விஷயத்துக்கு மொத்த புக்கையும் நிறுத்தினது தப்புன்னுதான் நான் சொல்லுவேன்.

பகத் சிங்கே இதுக்கு பதில் சொல்லிட்டுப் போயிருக்காரு. தூக்குக்கு ஒரு மாசம் சொச்சம் முன்னாடி, 1931 பிப்ரவரியில இளைஞர்களுக்கு எழுதினதுல, நான் டெரரிஸ்ட் இல்ல, ஆரம்ப காலத்துல வேணும்னா அப்படி இருந்திருக்கலாம்கிற மாதிரி எழுதியிருக்காரு.

என் கவலை வேற. 1928 டிசம்பர் 17, லாகூர். லாலா லஜபதி ராய் ஊர்வலத்துல தடியடிக்கு உத்தரவு போட்ட போலீஸ் அதிகாரி ஸ்காட்டைத் தேடிப் போன பகத் சிங்கும் கூட்டாளிங்களும் ஆள் மாறி இன்னொரு அதிகாரி சாண்டர்ஸைச் சுட்டுட்டாங்க, தப்பிச்சு ஓடும்போது துரத்திட்டு வந்த ஹெட் கான்ஸ்டபிள் சனன் சிங்கை, கூட்டாளி சந்திரசேகர ஆசாத் சுட்டாரு, சனன் சிங்கும் செத்துட்டாரு. சனன் சிங்கும் இந்தியர்தான். உங்க நோட்ஸ்ல அவர் பேரு இருக்கானு பாருங்க, பெரும்பாலும் இருக்காது. அதே மாதிரி 1929 ஏப்ரல் 8-ல டெல்லி மத்திய அசெம்பிளியில குண்டு வீசினப்போ, யாரும் சாகக் கூடாதுனு ஆளில்லாத பக்கமா வீசிட்டு, ஓடாம நின்னு பகத் சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் கைதானாங்க. ஒரு பாடப் புத்தகம் இந்த ரெண்டு நாளையும் முழுசா எழுதணும். பேருக்கு முன்னாடி 'பயங்கரவாதி'னு ஒட்டினா ரெண்டாவது நாள் மங்கிப்போகும், 'மாவீரன்'னு ஒட்டினா சனன் சிங் காணாமப் போயிடுவாரு.

கேள்வி: விக்கிபீடியாவுல நேரா 'பயங்கரவாதி'னு எழுதாம சுத்தி வளைக்கிறாங்களே, கொலை பண்ணவனுக்கு சப்போர்ட்டா? – சேலம் வாசகர்

பதில்: சப்போர்ட் இல்லைங்க. அந்த மாதிரி வார்த்தையை முடிஞ்சவரை தவிர்க்கணும், நம்பகமான ஆதாரங்கள்ல பரவலா இருந்தா யார் அப்படி சொன்னாங்கனு சேர்த்து எழுதணும்கிறதுதான் அவங்க வழிகாட்டுதல். அதுக்குக் காரணமும் இருக்கு. நெல்சன் மண்டேலா 1993-ல நோபல் வாங்கினாரு, 1994-ல ஜனாதிபதி ஆனாரு, ஆனா அமெரிக்காவோட பயங்கரவாத கண்காணிப்பு லிஸ்ட்ல இருந்து அவர் பேரை எடுத்தது 2008-லதான். லிஸ்ட்டை அப்படியே காப்பி அடிச்ச கலைக்களஞ்சியம் என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க.

ஆனா செத்தவங்க வீட்டு ஆளுங்களுக்கு இது பூசி மெழுகுற மாதிரி தெரியும், அவங்க சொல்றதுல நியாயமும் இருக்கு. 'குண்டு வெடித்ததில் பலர் பலி'னு எழுதினா குண்டு தானா வந்து வெடிச்ச மாதிரில இருக்கு. யார் வெச்சாங்க, யாரைக் குறிவெச்சாங்க, செத்தது யாரு, இதை ஒளிக்காம எழுதணும். அது இல்லாத நடுநிலையை நான் ஏத்துக்க மாட்டேன்.

கேள்வி: புலிகள் பத்தி எழுதும்போது மட்டும் எல்லாருக்கும் அந்த வார்த்தை சட்டுனு வருது, அரசாங்கம் குண்டு போட்டா 'ராணுவ நடவடிக்கை'யா? – டொரண்டோ வாசகர்

பதில்: உங்க கேள்வியில இருக்கிற வலி எனக்குப் புரியுது. இந்தியா 1992-ல, அமெரிக்கா 1997-ல, பிரிட்டன் 2001-ல புலிகளைத் தடை பண்ணுச்சு, இதை வருஷத்தோட அப்படியே எழுதலாம், யாரும் மறுக்க முடியாது. 1995 ஜூலை 9-ல யாழ்ப்பாணம் நவாலி சர்ச்சுல தஞ்சம் புகுந்திருந்த ஜனங்க மேல இலங்கை விமானப்படை குண்டு போட்டு நூறு பேருக்கு மேல செத்தாங்க. 1996 ஜனவரி 31-ல கொழும்பு சென்ட்ரல் பேங்க்ல புலிகள் லாரி நிறைய வெடிமருந்தோட மோதி 90 பேர் அளவுல செத்தாங்க, ஆபீஸ் வேலைக்கு வந்த சாதாரண ஜனங்க. ரெண்டுக்கும் ஒரே அளவு இடம், ஒரே மாதிரி வாக்கியம் வேணும். ஒண்ணைப் பெருசா எழுதி இன்னொண்ணை அடிக்குறிப்புல தள்ளுற எந்தப் பக்கத்து புக்கையும் நம்பாதீங்க, நம்ம பக்கத்து புக்கா இருந்தாலும்.

கேள்வி: பயங்கரவாதம்னா என்னனு ஐ.நா. ஒரு வரையறை கொடுத்துட்டா சண்டையே இருக்காதுல்ல? – மதுரை வாசகர்

பதில்: அதுக்கு முயற்சி நடந்துட்டுத்தான் இருக்கு. விரிவான ஒப்பந்தம் ஒண்ணு வேணும்னு 1996-ல முன்மொழிஞ்சதே இந்தியாதான். அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்த்து ஆயுதம் எடுத்தவங்களை இதுல சேர்க்கலாமா, ஒரு நாட்டோட ராணுவம் பண்றதையும் சேர்க்கணுமாங்கிற ரெண்டு இடத்துல முட்டிக்கிட்டு நிக்குது. நாடுகளே ஒத்துக்காத ஒண்ணை கலைக்களஞ்சியம் எழுதுறவர் தன் சொந்தத் தீர்ப்பா எப்படி எழுத முடியும், சொல்லுங்க.