கிரீஸில் கார் வாடகைக்கு எடுத்து, அதே காரைக் கப்பலில் ஏற்றித் தீவுகளுக்கும் கொண்டு போகலாமா? எப்படித் திட்டமிடுவது?

நான்கு பேர், பன்னிரண்டு நாள், ஏதென்ஸில் கார் எடுத்து, தெற்கே பெலோப்பொனீஸ் தீபகற்பத்தைச் சுற்றிவிட்டு, கடைசியில் அதே காரோடு நக்சோஸ், சாண்டோரினி தீவுகளுக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் முதல் முறை போனபோது செய்ததும் இதேதான். தாராளமாகக் கொண்டு போகலாம், ஆனால் தயவுசெய்து வேண்டாம்.

முதலில் பணம். கப்பலில் காருக்குத் தனி டிக்கெட், அது ஓர் ஆளின் டிக்கெட்டைவிட அதிகம். ஒவ்வொரு தீவுக்கும் மறுபடி மறுபடி கட்ட வேண்டும். அந்தக் காசில் அந்தந்தத் தீவிலேயே இரண்டு மூன்று நாளுக்குச் சின்னக் கார் கிடைத்துவிடும். அடுத்தது இன்சூரன்ஸ். வாடகைக் காரைக் கப்பலில் ஏற்ற, கார் கொடுப்பவரின் எழுத்துப்பூர்வ அனுமதி பெரும்பாலும் கட்டாயம். அனுமதி தந்தாலும், கப்பலுக்குள் இருக்கும்போது காருக்கு ஏதாவது ஆனால் பல ஒப்பந்தங்களில் காப்பீடு செல்லாது. கவுண்டரில் ‘ஃபுல் கவர்’ என்பார்கள். டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம், கப்பல் பயணம் ஆகியவற்றைப் பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

கப்பலுக்குள் கார் நிறுத்தும் தளம் எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் இது புரியும். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் டிரைவரைத் தவிர மற்ற எல்லாரும் இறங்கி நடந்து ஏற வேண்டும் என்றார்கள். மனைவி இரண்டு பிள்ளைகளையும் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் போக, நான் தனியாக இரும்புச் சரிவில் ஏறினேன். உள்ளே டீசல் புகை, லாரி இரைச்சல். ஒருவர் கையைச் சுழற்றி ரிவர்ஸ் எடு என்கிறார், இன்னொருவர் கிரேக்கத்தில் ஏதோ கத்துகிறார். ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும் காரை ஓட்டி எனக்கு அன்றுதான் இரண்டாவது நாள். சுவருக்கும் லாரிக்கும் நடுவே, கண்ணாடியை மடக்கி, ஒரு சாண் இடைவெளியில் பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார்கள். இறங்கக் கதவு பாதிதான் திறந்தது. பயணம் முடியும்வரை கார் பக்கம் போகவும் முடியாது. நக்சோஸில் கப்பல் நிற்பது சில நிமிடம்தான், அதற்குள் வண்டியை எடுத்தாக வேண்டும். காரைத் திருப்பிக் கொடுத்தபோது இடது கதவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் கீறலைவிடப் பெரிய பாடம் காற்றுதான். ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து ‘மெல்தேமி’ என்ற காற்று வீசும். வானம் நீலமாக, வெயில் பளிச்சென்று இருக்கும், கடல் மட்டும் கொதிக்கும். காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 8 வாக்கில் காற்று வந்தால், பெரிய கப்பல்களையே துறைமுக அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள். சின்ன அதிவேகப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், இல்லையென்றால் அடுத்த கப்பலில் இடம் தருவார்கள். விமானம் காத்திருக்காதே! நாங்கள் தீவுகளைக் கடைசியில் வைத்திருந்தோம். ஒரு நாள் முழுக்க நக்சோஸ் துறைமுகத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஊர் திரும்பும் விமானத்தை விட்டோம். நான்கு பேருக்குப் புது டிக்கெட்.

அதனால் தீவுகளை முதலில் வையுங்கள், கார்ப் பயணத்தைக் கடைசியில். கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனால், தரைப் பயணத்தில் ஒரு ஊரைக் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது முறை அப்படித்தான் போனோம். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நீல வழி 2022 அக்டோபர் முதல் பிரேயஸ் வரை நேராகப் போகிறது, சுமார் ஒரு மணி நேரம். ஏதென்ஸில் கார் தேவையே இல்லை. அன்றிரவு பிரேயஸில் தங்கி, காலைக் கப்பலைப் பிடித்தோம். நக்சோஸுக்குப் பெரிய கப்பலில் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பிள்ளைகளோடு போவதால் இதையே எடுங்கள். அதிவேகப் படகு சீக்கிரம் போகும், ஆனால் விலை அதிகம், குலுக்கலும் அதிகம். எந்த வாயிலில் கப்பல் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், பிரேயஸில் வாயிலுக்கு வாயில் தூரம் ரொம்ப அதிகம். தீவில் கார் வேண்டும் என்றால் துறைமுகத்திலேயே எடுக்கலாம். சாண்டோரினியில் மட்டும் யோசியுங்கள், அதினியோஸ் துறைமுகத்திலிருந்து மலை மேல் ஏறும் கொண்டை ஊசிச் சாலை, கப்பல் வந்த நேரத்தில் பஸ்களால் அடைத்துக்கொள்ளும்.

ஏதென்ஸ் திரும்பியதும் விமான நிலையத்தில் கார் எடுங்கள், அங்கேயே திருப்பிக் கொடுங்கள். கொரிந்து கால்வாய் (1893இல் திறந்தது, பாலத்தில் நின்று கீழே பார்க்க வேண்டும்), நாஃப்ப்ளியோ, மைசீனி, ஒலிம்பியா, அப்புறம் ரியோ–அந்திரியோ பாலம் வழியாக டெல்ஃபி என்று ஒரு வட்டம். 2004இல் திறந்த அந்தப் பாலம் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் நீளம். டோல் அதிகம்தான். பக்கத்திலேயே பழைய ஃபெர்ரியும் ஓடுகிறது.

காரோடு கப்பல் ஏறியே தீர வேண்டும் என்றால் பெலோப்பொனீஸின் மேற்குக் கரையில் உள்ள கில்லினியிலிருந்து ஜாக்கிந்தோஸ் தீவுக்குப் போகலாம். ஒன்றேகால் மணி நேரம்தான். நான்கைந்து நாள் தங்குவதாக இருந்தால் லாபம். பெரிய தீவான கிரீட்டுக்குக்கூட ஒரு வாரத்துக்கு மேல் என்றால்தான் நான் கொண்டு போவேன்.

இந்திய லைசென்ஸோடு, ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். டெபாசிட்டுக்கு, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். கியர் இல்லாத கார் வேண்டுமென்றால் இப்போதே சொல்லி வையுங்கள், அங்கே கியர் வண்டிதான் சாதாரணம்.

இன்னொன்று. பெட்ரோல் பங்க்கில் ‘பெத்ரேலியோ’ என்று எழுதியிருந்தால் பெட்ரோல் என்று நினைத்துவிடாதீர்கள், அது டீசல். பெட்ரோலுக்கு அங்கே ‘வென்சீனி’ என்று பெயர். கார் எடுக்கும்போதே எரிபொருள் மூடியில் எழுதியிருப்பதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பங்க்கில் இருப்பவரிடம் அதைக் காட்டினால் போதும், அவரே சரியானதை ஊற்றிவிடுவார்.