ஆய்வு, பயிற்சி, மக்கள் தொடர்பு மூன்றுக்கும் பயன்படுகிற மாதிரி கருவிகள் வாங்க வேண்டும், எந்தக் கேமரா நல்லது?

பிறகு படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். விவசாயிகளோடு வேலை செய்கிற ஒரு சிறிய தொண்டு நிறுவனம். ஒலி, ஒளிக் கருவிகள் வாங்க என்று ஒரு தொகை வந்திருக்கிறது. ஊர்களில் பேட்டி எடுத்து ஆய்வு செய்ய வேண்டும், களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், கூட்டம் போட்டு விவசாயிகளிடம் விஷயத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும். எந்தக் கேமரா வாங்கலாம்? கூடவே, ட்ரோன் தேவையா?

இதே மாதிரி ஓர் அமைப்பில் பல வருடம் மைக், கேமரா, புரொஜெக்டர் பெட்டிகளைப் பேருந்தில் ஏற்றி இறக்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கேமராவைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளுங்கள். பணம் வந்ததும் எல்லாரும் முதலில் கேமரா கடைக்குத்தான் போகிறார்கள். ஒரு வருடம் கழித்து அந்த அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தால் கேமரா பீரோவில் பூட்டியிருக்கும், சாவி கணக்காளரிடம் இருக்கும், எடுத்த வீடியோவெல்லாம் வேலையை விட்டுப் போன யாரோ ஒரு தம்பியின் லேப்டாப்பில் இருக்கும், படம் எடுத்த ஊரில் ஒருத்தர்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார். எடுப்பதற்கு மட்டும் காசு ஒதுக்கிவிட்டு, கேட்கவைக்க, காட்ட, பத்திரப்படுத்த எதுவும் ஒதுக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

முதல் செலவு ஒலிக்கு. இன்றைக்கு யார் கையிலும் இருக்கிற செல்போன், கள வேலைக்குப் போதுமான படம் எடுத்துவிடும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக்கொண்டு பார்ப்பார்கள், பேச்சு புரியவில்லை என்றால் இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். செல்போனின் மைக்குக்கு எதிரில் பேசுகிற அம்மாவும் பக்கத்து வயலில் ஓடுகிற மோட்டாரும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்தே பிடிக்கும். சேலையிலோ சட்டையிலோ குத்துகிற வயர் வைத்த காலர் மைக் இரண்டு, காற்றுச் சத்தத்துக்கு அதன் மேல் மாட்டுகிற பஞ்சு உறை, கையடக்கமான ஒரு ரெக்கார்டர், காதை முழுக்க மூடுகிற ஒரு ஹெட்ஃபோன், இவ்வளவு போதும். இதில் ஹெட்ஃபோனைத்தான் யாரும் வாங்குவதில்லை, வாங்கினாலும் போடுவதில்லை. பதிவு ஓடும்போது காதில் மாட்டியிருந்தால் மேலே ஓடுகிற ஃபேனின் இரைச்சல் அப்போதே தெரிந்துவிடும், எழுந்து நிறுத்திவிடலாம். ஆபீஸுக்கு வந்து கேட்டு என்ன செய்ய?

ஆய்வுக்கு வருவோம். பேட்டியைச் சுருக்கப்பட்ட எம்பி3-யில் பதியாமல் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள், ரெக்கார்டரின் செட்டிங்கில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்து. கோப்பு பெரிதாகத்தான் இருக்கும், மெமரி கார்டு இப்போது மலிவு. பட்டனை அழுத்தியதும் தேதி, ஊர், பேசுபவர், எடுப்பவர் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுங்கள், கோப்பின் பெயர் மாறிப்போனாலும் உள்ளே இருக்கிற குரல் மாறாது. சம்மதத்தையும் அங்கேயே கேளுங்கள், அதுவும் மூன்றாகப் பிரித்து: பதிவு செய்யலாமா, ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா, இணையத்தில் போடலாமா. முதல் இரண்டுக்குத் தலையாட்டுகிறவர் மூன்றாவதுக்கு யோசிப்பார், அந்த யோசனைக்கு மரியாதை கொடுக்க வேண்டும். கடன், நிலத்தகராறு, ரேஷன் என்று பேச்சு போகும்போது வீடியோவை நிறுத்திவிட்டு ஒலி மட்டும் பதிவதுதான் நல்லது. கேமரா எதிரில் இருந்தால் பேச்சே மாறிவிடுகிறது, அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மேடைத் தமிழுக்குத் தாவிவிடுவார்.

ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நாலைந்து மணி நேரம் பிடிக்கும், இரண்டு மூன்று பேர் குறுக்கே குறுக்கே பேசினால் இன்னும் கூட. இதைக் கணக்கில் வைக்காமல் பேட்டிகளை எடுத்துக் குவித்தால் அத்தனையும் கேட்கப்படாமலே கிடக்கும். நெதர்லாந்தில் நைமேகனில் இருக்கிற மேக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் ஈலான் என்று ஒரு மென்பொருள் வைத்திருக்கிறது, இலவசம். ஒலி அலைக்கு நேர் கீழே, எந்த நொடியில் என்ன சொன்னார் என்று தமிழிலேயே தட்டச்சு செய்துகொண்டே போகலாம். மொழியியல் ஆட்கள் பயன்படுத்துகிறது என்றாலும் உங்கள் பேட்டிகளுக்கும் தாராளமாக ஒத்துவரும்.

எடுத்ததைப் பத்திரப்படுத்துவது தனிக் கதை. பிரிட்டிஷ் ஆட்சியில் கிரியர்சன் என்ற அதிகாரி நடத்திய இந்திய மொழிக் கணக்கெடுப்பில், 1913 முதல் 1929 வரை, பல மொழிக்காரர்களைப் பேசவைத்து கிராமபோன் தட்டுகளில் பதிந்தார்கள். தமிழும் அதில் உண்டு. அந்தத் தட்டுகளின் பிரதிகள் வெவ்வேறு நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்ததால் இன்றைக்கும் இணையத்தில் கேட்க முடிகிறது. உங்களுக்கும் அதே வழிதான்: இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டு வேறு கட்டடங்களில், போதாததற்கு இணையச் சேமிப்பில் ஒரு பிரதி. அப்புறம், பழைய நிறுவனம் என்றால் அலமாரியில் ஆடியோ கேசட், விஎச்எஸ், பழைய வீடியோ கேமராவில் போடுகிற குட்டி மினிடிவி (MiniDV) கேசட் என்று கட்டாயம் இருக்கும். புதுசாக எதையும் வாங்குவதற்கு முன்னால் அதையெல்லாம் கணினிக்கு மாற்றக் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள். கேசட்டில் பூஞ்சை பிடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அதை ஓடவைக்கிற பிளேயரும் அதற்கான உதிரிபாகமும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் கிடைக்காமல் போவதுதான் பெரிய பிரச்சினை. 2019-இல் யுனெஸ்கோவே கேசட்டுக்குள் இருக்கிற காந்த நாடாக்களைப் பற்றி இந்த எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டது. இருபது வருடம் முன்பு ஒரு பாட்டி சொன்ன விதைப் பெயர்கள் உங்கள் அலமாரியில் இருந்தால், நீங்கள் இனிமேல் எடுக்கப்போகிற எந்தப் பேட்டியிலும் அது கிடைக்காது.

பயிற்சிக்கு அதிகம் வேண்டியதில்லை. பி.எட். படித்தவர்களுக்கு நுண்ணிலைக் கற்பித்தல் ஞாபகம் இருக்கும், ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு ஐந்தாறு நிமிடம் பாடம் நடத்தி, பிறகு குறைகளைக் கேட்டுத் திரும்ப நடத்துவது. 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியபோது வீடியோவில் பதிந்து அவரவர் பாடத்தை அவரவருக்கே போட்டுக்காட்டுவது அதன் முக்கியமான பகுதி. நம் கல்லூரிகள் பலவற்றில் வீடியோ கழன்றுபோய் வெறும் பதிவேடு மட்டும் மிஞ்சியது. உங்கள் களப்பணியாளர்களுக்கு இதை அப்படியே செய்யலாம். ஒரு ஸ்டாண்டில் செல்போனை நிறுத்தி, மண் மாதிரி எடுப்பது எப்படி என்று ஐந்து நிமிடம் விளக்கச் சொல்லுங்கள். பதிவை முதலில் அவர் தனியாகப் பார்க்கட்டும். முதல் தடவை யாருமே தன் குரலையும் தொப்பையையும் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை, இரண்டாம் தடவைதான் ‘இந்த இடத்தில் விவசாயி கேள்வி கேட்டார், நான் காதில் வாங்காமலே போயிருக்கிறேன்’ என்று கண்ணில் படும். எல்லார் எதிரிலும் எடுத்த எடுப்பிலேயே போட்டுவிட்டால் அடுத்த முறை அவர் கேமரா பக்கமே வர மாட்டார்.

இப்போது ஊருக்குக் கொண்டுபோவது. இந்தியாவில் இதற்கு நல்ல வரலாறே இருக்கிறது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை வைத்து இஸ்ரோ ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி கொடுத்துப் பார்த்தது, சைட் என்று சொல்வார்கள். தமிழ்நாடு அதில் இல்லை. பக்கத்தில் ஆந்திராவும் கர்நாடகமும் இருந்தன. கிராமத்துக்கு ஒரு பெட்டி, கோழிவலை மாதிரிக் கம்பிவலையில் செய்த பத்தடி அகல ஆன்டெனா, காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் பெரியவர்களுக்கு. அதே சமயத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பீஜ் என்ற ஊரில் ஒரு சிறிய ஒளிபரப்பி வைத்து, அந்த மாவட்டத்து ஜனங்களையே நடிக்கவும் பேசவும் வைத்து, அவர்கள் பேச்சிலேயே நிகழ்ச்சி செய்தார்கள். கேடாவுக்கு 1984-இல் யுனெஸ்கோவின் ஊரகத் தகவல்தொடர்புப் பரிசு கிடைத்தது. பிரம்மாண்டம் என்றால் சைட்தான், ஆனால் உங்களை மாதிரி சிறிய நிறுவனம் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது கேடாவை.

அதற்கு அடுத்த படி, 2006-இல் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் ரிகின் காந்தி தொடங்கிய டிஜிட்டல் கிரீன் என்ற திட்டம். கர்நாடகத்துக் கிராமங்களில் விவசாயியே தன் வயலில் நின்று செய்துகாட்டுவதைச் சின்ன வீடியோவாக எடுத்து, சாயங்காலம் இருபது முப்பது பேரைக் கூட்டி, அந்த ஊர்க்காரர் ஒருவரே போட்டுக்காட்டிப் பேசினார். 16 ஊர்களில் 13 மாதம் நடந்த சோதனையில், அலுவலர் வந்து சொல்லிப் போகிற பழைய முறையைவிட ஏழு மடங்கு அதிகமாக விவசாயிகள் அந்த முறைகளைப் பின்பற்றினார்கள், செலவுக் கணக்கில் பத்து மடங்கு பலன் என்று எழுதினார்கள். பார்த்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா, வீடியோவில் இருக்கிறவர் யார், எந்த ஊர்? அதனால்தான் சென்னையில் டப்பிங் செய்த செய்தி வாசிப்புக் குரலை வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்கிறேன். ஒரத்தநாட்டுக்காரர் பேசுகிறதை ஒரத்தநாட்டில் போடுங்கள், கோபிச்செட்டிபாளையத்துக்கு அந்தப் பக்கத்து ஆளையே பேசவைத்து வேறு எடுங்கள்.

எதை வீடியோவாக எடுப்பது என்பதிலும் கொஞ்சம் கறார் வேண்டும். விதைநெல்லை உப்புக் கரைசலில் போட்டுப் பதரைப் பிரிப்பது இருக்கிறதே, எவ்வளவு உப்பு என்று வாயால் சொன்னால் ஆளுக்கு ஒரு அளவு போடுவார்கள். பச்சை முட்டையைத் தண்ணீரில் விட்டு, அது மிதந்து அந்தக் காலத்து நாலணாக் காசு அகலத்துக்கு மேலே தெரிகிறவரை உப்பைக் கரைப்பதைக் கிட்டத்தில் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்தது. பிரித்தெடுத்த விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவுவதையும் விடாமல் எடுங்கள், அதை விட்டால் முளைப்பு கெடும். இதற்கு மாறாக, மானியத்துக்கு எந்தப் படிவம், கடைசித் தேதி என்ன என்பதற்கெல்லாம் வீடியோ வீண். அதற்கு ஒன்றரை நிமிட வாட்ஸ்அப் குரல்பதிவு போதும், நடவு நட்டுக்கொண்டே கேட்பார்கள்.

காட்டுவதற்கு புரொஜெக்டர் வாங்கும் முன் எந்த நேரத்தில், எங்கே காட்டப்போகிறீர்கள் என்று பாருங்கள். பட்டப்பகலில் சமுதாயக் கூடத்தில் ஜன்னல் எல்லாம் திறந்திருந்தால் 3,000 லூமன் வெளிச்சம் தருகிற புரொஜெக்டர்கூட வெளிறிப்போகும், அங்கே 43 அங்குல டிவிதான் சரி. இருட்டிய பிறகு தெருவில், இருபது பேருக்கு என்றால் பேட்டரியில் ஓடுகிற கையடக்க புரொஜெக்டரும் ஒரு வெள்ளை வேட்டியும் போதும், கரண்ட் போனாலும் கவலையில்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கிற ஸ்பீக்கரை நம்பாதீர்கள், தனியாக ஒன்று வேண்டும். இன்னொன்று, வீடியோவை நிறுத்தி நிறுத்தி ‘உங்க வயல்ல இது நடக்குமா?’ என்று கேட்க உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும், அவருக்குச் சம்பளமும் வேண்டும். கருவிப் பட்டியலில் அவர் இருக்க மாட்டார் என்றாலும் நிதி கொடுத்தவரிடம் கேட்டு ஒரு தலைப்பில் சேர்த்துவிடுங்கள்.

ஒலிபெருக்கியை யாரும் நவீனக் கருவியாக மதிப்பதில்லை. புதுச்சேரிப் பக்கம் மீனவ கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையங்கள் அலை உயரத் தகவலை இணையத்தில் எடுத்துக் குழாய் ஸ்பீக்கரில் அறிவித்துக்கொண்டிருந்தன. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் டிவியில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு ஊருக்கு போன் செய்ய, ஆட்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் அதே ஸ்பீக்கரில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். வீடும் படகும் போயின, ஊர் ஜனம் தப்பியது. மைக்செட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

சரி, தொகையை எப்படிப் பிரிப்பது? ஒலிக் கருவிகளுக்கும் காட்டுகிற கருவிகளுக்கும் சேர்த்துப் பாதி, சேமிப்புக்கும் பழைய கேசட்டுகளை மாற்றவும் கால், மிச்சத்தில் நல்ல ஸ்டாண்ட், கூடுதல் பேட்டரிகள், காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இதற்கெல்லாம் போக ஏதாவது இருந்தால் வெளி மைக் சொருக வழி இருக்கிற ஒரு நடுத்தரக் கேமரா. மைக் சொருக இடமில்லாத கேமரா எவ்வளவு அழகாகப் படம் எடுத்தாலும் வேண்டாம்.

ட்ரோன் வேண்டாம். ஏரி, வாய்க்கால், பயிர்ப் பரப்பு என்று மேலிருந்து பார்க்க வேண்டிய ஆய்வு வந்தால் உரிமம் வைத்திருக்கிற ஆளை ஒரு நாள் வாடகைக்குக் கூப்பிடுங்கள். பதிவு, பறக்கத் தடையுள்ள பகுதி, காவல்துறைக் கேள்விகள் எல்லாம் அவர் பாடு.